பெல்வில் பையன்களும் அச்சில் ஏறாத பெயரும்

2003க்குப் பிறகு தென்னாப்பிரிக்கப் பத்திரிகைகளுக்கு ஒரு வினோதமான தலைவலி வந்தது. கேப் டவுனை ஒட்டிய பெல்வில் என்ற ஊரில் ஐந்து பையன்கள் ஒரு ராக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள், கூட்டம் வருகிறது, சிடி விற்கிறது, செய்தி போட்டாக வேண்டும். ஆனால் குழுவின் பெயரை அச்சில் ஏற்ற முடியாது. ஃபொக்கோஃப்பொலிசீகார். 'போடா போலீஸ் காரே' என்பதை இதைவிடப் பல மடங்கு பச்சையாக, இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக ஒட்டிச் சொன்னால் வருவது. சிலர் முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் 'பொலிசீகார்' என்று போட்டார்கள், சிலர் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்கள் தலைகீழ், பின்பாதியை வெட்டிவிட்டு 'ஃபொக்கோஃப்' என்றே கூப்பிட்டார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், மூச்சு மிச்சம்.

பெயரைக் கேட்டால் போலீஸை எதிர்த்துக் கொடி பிடித்த குழு என்று தோன்றும். பாட்டுகளுக்குள் போனால் வேறு உலகம். அப்பா அம்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச், பள்ளிக்கூடம், வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எங்கே போவதென்று தெரியாத இருபத்திச் சொச்சம் வயசு, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. சண்டை முழுக்க சொந்த வீட்டோடுதான். இந்தக் குழு ஏன் அப்படி வெடித்தது, ஏன் நான்கே வருஷத்தில் ஓய்ந்தது, ஓய்ந்த பிறகும் எந்த ஆஃப்ரிகான்ஸ் ராக் மேடையைப் பார்த்தாலும் ஏன் இவர்கள் ஆட்களே நின்றார்கள் என்பதற்கெல்லாம் விடை அந்த வீட்டுச் சண்டையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இவர்கள் பாடிய ஆஃப்ரிகான்ஸ் மொழியின் கதையைக் கொஞ்சம் தொடாமல் மேலே போக முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் கேப் பகுதிக்கு வந்த டச்சுக்காரர்களின் பேச்சு, அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வாயிலும் மண்ணின் மக்களான கோய்கோய் வாயிலும் புழங்கிப் புழங்கி, இலக்கணம் இளகி, ஆஃப்ரிகான்ஸ் ஆனது. அதை முதலில் எழுத்தில் பிடித்தவர்களில் கேப் டவுன் முஸ்லிம்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதரசாப் பாடங்களை அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸாக எழுதிவைத்தார்கள். இந்தப் பூர்வகதையை மூடி மறைத்துவிட்டுத்தான் அந்த டச்சுக்காரர்களின் வழிவந்த வெள்ளை ஆஃப்ரிகானர்களின் தேசியவாதம் 'இது எங்கள் மொழி' என்று பட்டா போட்டுக்கொண்டது. 1925இல் ஆட்சிமொழி ஆனது. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியைச் சட்டமாக்கிய பின் அலுவலகம், போலீஸ், ராணுவம், வானொலி என்று அரசாங்கம் வாயைத் திறந்தாலே ஆஃப்ரிகான்ஸ்தான். கறுப்பினப் பள்ளிகளில் பாதிப் பாடங்களை இந்த மொழியில் நடத்த வேண்டும் என்று 1974இல் உத்தரவு வந்தது. 1976 ஜூன் 16 அன்று ஜோஹனஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. அன்றிலிருந்து உலகத்தின் காதில் ஆஃப்ரிகான்ஸ் என்றால் ஒடுக்கியவன் மொழி. இத்தனைக்கும் அதைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் வெள்ளைக்காரர்கள் பெரும்பான்மைகூட இல்லை. அந்த நாட்டில் 'கலர்ட்' என்று வகைப்படுத்தப்பட்ட கலப்பு வம்சாவளி மக்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்தக் குழுவின் மேல் வைக்க வேண்டிய ஒரு விமர்சனத்துக்குத் தேவைப்படும்.

ஆஃப்ரிகான்ஸில் கலகம் செய்த முதல் ஆட்கள் ஃபொக்கோஃப் இல்லை. அவர்களுக்கு அண்ணன்மார் உண்டு. 1980களில் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற பாடகர் பெர்னோல்டஸ் நீமாண்ட் என்ற பொய்ப் பெயரில் ஆஃப்ரிகான்ஸ் பாட்டுகளைப் போட்டார். நீமாண்ட் என்றால் 'யாருமில்லை'. கட்டாய ராணுவ சேவைக்குப் போன வெள்ளைக்காரப் பையன் கார்ப்பரலைப் பார்த்து 'என்னைப் பிடித்துக்கொள்' என்று கெஞ்சுகிற அவருடைய பாட்டு, கட்டாய சேவையை எதிர்த்தவர்கள் நடுவில் பரவியது. அப்புறம் 1989இல் ஃபூயல்ஃப்ரை சுற்றுப்பயணம். பத்திரிகையாளராக இருந்த ரால்ஃப் ராபி, யோஹானஸ் கெர்கோரல் என்று பெயர் மாற்றிக்கொண்டு (கெர்கோரல் என்றால் சர்ச் ஆர்கன்) 'சீர்திருத்த ப்ளூஸ் பேண்ட்' என்று ஒரு குழுவோடு கிளம்பினார். கூடவே கூஸ் கொம்பைஸ், பெர்னோல்டஸ் நீமாண்ட். பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போனார்கள், ஸ்டெலன்பாஸ் உட்படச் சில வளாகங்கள் கதவைச் சாத்தின. ஒருவன் டிவியைப் போடுகிறான், ஜனாதிபதி பி.டபிள்யூ. போத்தாவின் முகம் வருகிறது, 'அணைத்துத் தொலை' என்கிறான். கெர்கோரலின் ஒரு பாட்டு மொத்தமும் இவ்வளவுதான். அன்றைக்கு அது வெடிகுண்டு.

அந்தக் காலத் தடை எப்படி நடந்தது என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அரசு வானொலியான எஸ்ஏபிசியின் இசைத்தட்டு நூலகத்தில், ஒளிபரப்பக் கூடாது என்று முடிவான பாட்டு பதிந்த பள்ளக்கோடுகள் மேல் கூரான கருவியால் குறுக்கே கீறி வைத்துவிடுவார்கள். மற்ற பாட்டுகள் எல்லாம் சுத்தமாக ஓடும். அறிவிப்பாளர் ஆசைப்பட்டோ மறந்துபோயோ அந்தப் பாட்டைப் போட்டாலும் ஊசி துள்ளித் துள்ளி விழும். தடை உத்தரவைக் காகிதத்தில் எழுதினால் யாராவது மீறுவான் என்று தட்டிலேயே எழுதிவிட்டார்கள்.

ஃபூயல்ஃப்ரை ஆட்களுக்கு எதிரி யார் என்று தெரியும். பெயர் இருந்தது, முகம் இருந்தது, டிவியில் விரலை ஆட்டிக்கொண்டு வந்தது. 1994 தேர்தலோடு அந்த முகம் போய்விட்டது. நெல்சன் மண்டேலா ஜனாதிபதி, ஆஃப்ரிகான்ஸ் இரண்டு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்தது போய்ப் பதினொன்றில் ஒன்று. ஃபொக்கோஃப் பையன்கள் வளர்ந்தது இந்த மாற்றத்தின் நடுவில். நிறவெறி அரசுக்கு ஓட்டுப் போடுகிற வயசு அவர்களுக்கு வரவே இல்லை. ஆனால் அதன் பள்ளியில் படித்தார்கள், அதன் சர்ச்சில் பாடினார்கள். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் விசாரணைகள் 1996இலிருந்து வானொலியிலும் டிவியிலும் வர வர, நம் பெரியவர்கள் பெயரால் என்னென்ன நடந்திருக்கிறது என்று வளர்ந்தும் வளராத வயசில் கேட்டார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. பல வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு, அப்புறம் ரக்பி உண்டு.

இங்கே அந்தச் சர்ச் பற்றி ஒரு வார்த்தை. டச்சு சீர்திருத்தத் திருச்சபை வெறும் ஞாயிற்றுக்கிழமை விவகாரம் இல்லை. கறுப்பு சூட்டும் வெள்ளை டையும் போட்ட மூப்பர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்துதான் நிறப்பிரிவினைக்கு வேத ஆதாரம் வந்தது. உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு 1982இல் நிறவெறியை மதப்புரட்டு என்று அறிவித்து இந்தச் சபையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 1986க்கு மேல்தான் சபை தன் நிலையை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டது. கடவுள் பெயரால் ஒன்றைச் சரி என்றவர்களே கொஞ்ச வருஷத்தில் அதே கடவுள் பெயரால் அதைத் தப்பு என்றால், பதினான்கு வயசுப் பையனுக்குக் கடவுள் மேல் கோபம் வருமா, சொன்னவர்கள் மேல் வருமா? இந்தப் பையன்களுக்கு இரண்டும் வந்தது. பாடகர் ஃபிரான்ஸ்வாவின் அப்பா அந்தச் சபையின் போதகர். ஃபிரான்ஸ்வாவின் உண்மையான குடும்பப் பெயர் பாடன்ஹோர்ஸ்ட். மேடைக்கு அதைக் கொண்டுவரவில்லை, 'ஃபான் கோக்' என்று வைத்துக்கொண்டார்.

மற்ற நால்வர்: கிட்டாரும் பெரும்பாலான பாடல் வரிகளும் ஹண்டர் கென்னடி, இன்னொரு கிட்டார் ஜானி டி ரிடர், பேஸ் வைனாண்ட் மைபர்க், டிரம்ஸ் யாக்கோ ஃபென்டர், இவருக்கு 'ஸ்னேக்ஹெட்' என்று பட்டப்பெயர். எல்லாரும் கேப் டவுனின் வடக்குப் புறநகர்ப் பக்கம். கேப் டவுன்காரர்கள் அந்தப் பகுதியை 'பூரவோர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம்' என்று நக்கலடிப்பார்கள்; பூரவோர்ஸ் என்பது ஆஃப்ரிகானர்கள் வாரக்கடைசியில் தணலில் சுட்டுத் தின்கிற சுருள் இறைச்சி. கடலும் மலையும் ஆங்கிலமும் இந்தப் பக்கம், சர்ச்சும் மாலும் ஆஃப்ரிகான்ஸும் அந்தப் பக்கம் என்று அர்த்தம்.

இவர்கள் முன்னால் இருந்த குழுக்களில் பாடியது ஆங்கிலத்தில். அன்றைக்கு ராக் பாட வந்த வெள்ளை ஆஃப்ரிகானர் பையனுக்கு அதுதான் இயல்பு, ஏனென்றால் ஆஃப்ரிகான்ஸ் பாட்டு என்றாலே வேறு சரக்கு. ஜோடி ஜோடியாக ஆடுகிற 'சொக்கி' நடனத்துக்கான கீபோர்டு பாட்டு, காதல், பண்ணை வீடு, அம்மா, மீண்டும் காதல். கூச்சமில்லாமல் கேட்கிற வயசு தாண்டிவிட்டால் கேட்க முடியாது. 2001இல் கேரன் ஸோய்ட் கிட்டாரும் கரகரப்பான குரலுமாக வந்து ஆஃப்ரிகான்ஸிலும் ராக் பாடலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்காமல் ஃபொக்கோஃப்பை மட்டும் முன்னோடி என்பது நியாயமில்லை.

ஆனாலும் 2003இல் வந்த முதல் குறுந்தட்டு வேறு ரகம். 'தீயோடு விளையாடினால் சுட்டுக்கொள்வாய்' என்று தலைப்பு. பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டுகிற அதே தொனி. அதில் இருந்த 'ஹேமல் ஒப் டி ப்ளாட்டலாண்ட்', அதாவது 'நாட்டுப்புறத்தில் சொர்க்கம்', இன்றைக்கும் அவர்களுடைய அடையாளப் பாட்டு. சும்மா ஒரு முறை கேட்டுப் பாருங்கள், மொழி புரிய வேண்டியதில்லை. கிட்டார் வரிசை எளிமையானது, எந்தக் கல்லூரிப் பையனும் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம், அதுதான் அதன் பலமும்கூட. குரல் பாடுகிறதா கத்துகிறதா என்று தீர்மானிக்க முடியாத எல்லையில் நிற்கிறது. வரிகளில் ஓர் இடத்தில், யாராவது ஒரு கடவுளுக்கு போன் போட்டு இனிமேல் நீ எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். நாத்திகப் பிரசங்கம் செய்கிற தொனி இல்லை, கேபிள் இணைப்பை நிறுத்தச் சொல்கிற தொனி. போதகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டால் எப்படி இருந்திருக்கும்! கடவுள் இல்லை என்று வாதாடினால் பதிலுக்கு வாதாடலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

ஹண்டர் கென்னடியின் வரிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஃப்ரிகான்ஸில் 'தூய மொழி' என்று ஒரு பெரிய மதம் உண்டு. ஆங்கிலம் கலக்கக் கூடாது, கலைச்சொல் கமிட்டி உண்டு, மொழிக்கென்றே பார்ல் ஊரில் மலைச்சரிவில் 1975இல் கட்டிய ஒரு பிரம்மாண்டமான நினைவுச்சின்னம் வேறு. அந்தக் காவல் எதையும் மதிக்காமல் பையன்கள் பாரில் எப்படிப் பேசுவார்களோ அப்படி எழுதினார் கென்னடி. ஆனால் வெறும் பேச்சு மொழி மட்டும் என்றால் இவ்வளவு நாள் நின்றிருக்காது. வேதாகம வாசகம், ஞானப்பாட்டு வரி, பள்ளிக்கூடப் பழமொழி என்று அந்தச் சமூகம் மனப்பாடமாக வைத்திருப்பதை எடுத்து, ஒரு சொல்லைத் திருகித் திருப்பி வைப்பார். உள்ளே வளர்ந்தவனால்தான் அப்படித் திருக முடியும். கேட்கிறவனும் உள்ளே வளர்ந்திருந்தால்தான் முழுக்க வலிக்கும். அரசியல் பாட்டு என்று இவற்றைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஒரு கட்சியின் பெயரோ ஒரு கோரிக்கையோ எங்கும் வருவதில்லை. இவர்களைப் பழிக்கிறவர்கள் இதையேதான் குறையாகவும் சொன்னார்கள்.

அடுத்தது 2004இல் முழு ஆல்பம், 'லுக்ஸ்டியரிங்', வானொலி அலைவரிசையில் குறுக்கே வரும் இரைச்சல். 2005இல் 'மோனோலோக் இன் ஸ்டீரியோ'. இந்த வருஷங்களில் அவர்கள் செய்தது அடிப்படையில் ஒரே வேலை, ஊர் ஊராகப் போய் வாசிப்பது. ஸ்டெலன்பாஸ், பிரிட்டோரியா, ப்ளூம்ஃபொண்டைன் என்று ஆஃப்ரிகான்ஸ் மாணவர்கள் குவிந்திருக்கிற ஊர்கள், சின்ன ஊர் மதுக்கடைகள், அப்புறம் திருவிழாக்கள்.

திருவிழாக்கள் என்றால் சாதாரணம் இல்லை. அரசாங்க ஆதரவு போனபின் ஆஃப்ரிகான்ஸ் பண்பாட்டுக்குத் தூண்கள் மாதிரி எழுந்தவை இவைதான். நெருப்புக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன ஔட்ஸ்ஹோர்ன் ஊரில் 1995இல் தொடங்கிய கிளைன் கரூ தேசியக் கலை விழா அதில் பெரியது. அங்கே 1997இல் மிரியம் மக்கேபா, உலகமே கொண்டாடிய பாடகி, மேடையில் நின்றபோது கூட்டத்திலிருந்து பீர் டப்பாக்கள் பறந்தன. புதிய நாடு பிறந்து மூன்று வருஷம். அப்பேர்ப்பட்ட கூட்டத்தின் தம்பிகளுக்குத்தான் ஃபொக்கோஃப் பாடினார்கள் என்பதை மறக்கக் கூடாது. வடக்கே லிம்போபோ மாகாணத்தில் புழுதிக்கும் முள்மரத்துக்கும் நடுவில் நடந்த ஒப்பிகொப்பி விழா இன்னொரு பக்கம். அங்கே ஆங்கில ராக் குழுக்களும் ஆஃப்ரிகான்ஸ் குழுக்களும் ஒரே மேடையில் ஏறினார்கள். 2005இல் எம்கே89 என்ற ஆஃப்ரிகான்ஸ் இசை சேனல் செயற்கைக்கோள் டிவியில் வந்தது. வானொலி தொடத் தயங்கியதை அது ஓட்டியது. இருபத்தைந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று ஒரு ஆஃப்ரிகான்ஸ் சேனல் நடத்த வேண்டுமானால் ஓட்டுவதற்கு ஏதாவது வீடியோ வேண்டுமே; ஃபொக்கோஃப்பும் அவர்களைப் பார்த்து கராஜில் குழு ஆரம்பித்தவர்களும் அந்தத் தேவைக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். பாதி கலகம், பாதி காலம் கூடிவந்தது.

2006 தொடக்கத்தில்தான் அந்தப் பர்ஸ் விவகாரம். விட்பேங்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் நிகழ்ச்சி முடிந்து ஒரு ரசிகர் ஆட்டோகிராஃப் கேட்டுத் தன் பர்ஸை நீட்டினார். வைனாண்ட் மைபர்க் கையெழுத்துக்குப் பதிலாக, குழுவின் பெயரில் இருக்கும் அதே வசைச்சொல்லோடு கடவுளைச் சேர்த்து எழுதிக்கொடுத்தார். இரண்டே சொல். அது பத்திரிகைக்குப் போனது. அப்புறம் என்ன, பக்கம் பக்கமாக வாசகர் கடிதங்கள், சர்ச் வட்டாரத்தில் கொந்தளிப்பு, ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் ரத்து. மூன்று வருஷமாகப் பாட்டுகளில் இதைவிடக் கூர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனால் பாட்டைக் கேட்காதவர்களுக்கும் பர்ஸ் புரிந்தது. எனக்கு அது அசட்டுத்தனமாகத்தான் படுகிறது. பாட்டில் இருந்த நகைச்சுவையும் சங்கடமும் அந்த இரண்டு சொல்லில் இல்லை, வெறும் போதையில் செய்த குறும்பு. ஆனால் அரசாங்கத்தைத் திட்டினால் கைதட்டுகிற சமூகம் கடவுளைத் தொட்டதும் எப்படிக் கொதித்தது என்பதைப் பார்த்தால், சண்டை எங்கே நடந்துகொண்டிருந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது.

அதே 2006இல் ஆஃப்ரிகான்ஸ் இசையில் இன்னொரு பூகம்பம், நேர் எதிர்த்திசையில். போக் ஃபான் ப்ளெர்க் என்ற பாடகர் 'டி லா ரே' என்ற பாட்டைப் போட்டார். 1899இலிருந்து 1902 வரை ஆஃப்ரிகானர்கள் பிரிட்டிஷாரோடு மோதிய போயர் போரின் தளபதி ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, வந்து எங்களை வழிநடத்து என்று கேட்கிற பாட்டு. பிரிட்டிஷ் முகாம்களில் செத்த பெண்கள், குழந்தைகள், எரிந்த பண்ணைகள் எல்லாம் வரும். ரக்பி மைதானத்திலும் பாரிலும் ஆட்கள் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்று பாடினார்கள், சிலர் பழைய நிறவெறிக் காலக் கொடியோடு. 2007 பிப்ரவரியில் நாட்டின் கலை பண்பாட்டுத் துறையே இந்தப் பாட்டைப் பற்றி அறிக்கை விட வேண்டியதாயிற்று.

ஒரே மொழி, ஒரே தலைமுறை, ஒரே வருஷம். அதிகாரம் போன ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு 'நாம் யார்' என்ற கேள்வி. ஃபான் ப்ளெர்க் ஒரு தளபதியைக் கொடுத்தார், கொண்டாடினார்கள். ஃபொக்கோஃப் எதையும் கொடுக்கவில்லை. தளபதியும் வேண்டாம், போதகரும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம், இந்த வெறுமையில் நின்று பார் என்றார்கள். விற்பனையில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் அவர்கள் போட்ட குறுந்தட்டின் பெயர் 'ப்ரண்ட் சூட் ஆஃப்ரிகா', எரி தென்னாப்பிரிக்காவே என்றும் வாசிக்கலாம். பயத்தோடு பூட்டிய கதவுக்குள் வாழ்கிற நாட்டைப் பற்றிய பாட்டு அது. அதில் 'நாம்' என்று யாரையும் தட்டி எழுப்புகிற வேலை இல்லை.

அதே வருஷம் 'ஸ்வானெசாங்'. கடைசிப் பாட்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். முன்னதைவிட மெதுவாக, இருட்டாக, ஸ்டுடியோவில் அதிகம் மினுக்கேற்றி வந்த ஆல்பம். எனக்கு அவர்களுடைய வேலையில் இதுதான் முதல் இடம். 2007இல் காலவரையறை இல்லாத ஓய்வு என்று அறிவித்தார்கள். காரணங்களைத் தேடி ரொம்ப அலைய வேண்டியதில்லை. நான்கு வருஷம் ஓயாத பயணம், ஓயாத குடி, கூடவே ஊரே உன்னைப் பார்த்துப் பிசாசு என்கிற அழுத்தம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. வீட்டை எதிர்த்துக் கத்துகிறவனுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. இருபத்தைந்து வயசில் அது உண்மை. முப்பதுக்குமேல் தனக்கே பிள்ளை பிறந்தபின் அதே பாட்டைப் புதிதாக எழுத முடியாது.

ஆனால் ஓய்வு என்று சொன்னார்களே தவிர யாரும் ஓயவில்லை. ஃபான் கோக்கும் மைபர்க்கும் 2007லேயே 'ஃபான் கோக் கார்ட்டெல்' என்று ஒரு குழு ஆரம்பித்து நேரடியான, தடித்த ராக் போட்டார்கள். கென்னடியும் ஃபென்டரும் 'ஏகிங்' என்ற ஆங்கிலக் குழுவில் சேர்ந்தார்கள். அங்கே பாடியவர் லௌடோ லீபன்பெர்க். கென்னடி அது போதாதென்று 'டி ஹியூவல்ஸ் ஃபன்டாஸ்டீஸ்' என்று கீபோர்டும் பாப் மெட்டுமாக மூன்றாவது கடை திறந்தார், 2009இல் அதன் முதல் ஆல்பம் வந்தது. சின்னச் சந்தையில் இது நடப்பதுதான்: காசு கொடுத்து ராக் கேட்கிற ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் சில லட்சம் பேரைத் தாண்டாத இடத்தில், ஒரே குழுவை வைத்துக்கொண்டு இசைக்கலைஞன் வயிறு வளர்க்க முடியாது. ஒரே திருவிழாவில் மத்தியானம் ஒரு குழுவோடு, ராத்திரி இன்னொரு குழுவோடு. பார்க்கிறவர்களுக்குப் பத்துக் குழு இருக்கிற மாதிரித் தெரியும், கையிலிருக்கிற கிட்டார் நாலுதான்.

2009இல் பிரையன் லிட்டில் இயக்கிய ஆவணப்படம் வந்தது. 2011இல் ஆனி க்ளொப்பர் எழுதிய வரலாற்றுப் புத்தகம். ஓய்வெடுத்த நாலு வருஷத்துக்குள் வரலாறு ஆகிவிட்டார்கள். இது கொஞ்சம் வேகம் என்றே நினைக்கிறேன்; ஆஃப்ரிகான்ஸ் ஊடகமும் பதிப்பகமும் தங்களுக்கு ஒரு கலகக்காரன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவசரப்பட்டார்கள். 'நாங்கள் மாறிவிட்டோம்' என்று காட்டுவதற்கு இப்படி ஒரு குழு கையில் இருப்பது வசதிதானே.

இப்போது, முன்னால் சொன்ன அந்த விமர்சனம். ஃபொக்கோஃப் ஆஃப்ரிகான்ஸை விடுதலை செய்தார்கள் என்று அடிக்கடி எழுதுவார்கள். யாருடைய ஆஃப்ரிகான்ஸை? பெல்விலுக்குக் கொஞ்ச தூரத்தில், நிறவெறி அரசு கலர்ட் மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய மிட்செல்ஸ் ப்ளேன் போன்ற இடங்களில், 'ப்ராஃபட்ஸ் ஆஃப் டா சிட்டி' குழு 1990 வாக்கிலேயே ஹிப் ஹாப் போட்டுக்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் வந்த 'ப்ராஸ்ஸ ஃபன்னி காப்' குழு, காப்ஸ் என்று சொல்லப்படும் கேப் டவுன் தெரு ஆஃப்ரிகான்ஸில், தூய மொழிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிற அதே கலவை மொழியில், அரசியலும் கிண்டலுமாகப் பாடியது. இவர்களுக்கு மொழியை யாரிடமிருந்தும் மீட்க வேண்டிய தேவை இல்லை, அது வீட்டில் பேசுகிற மொழி, அவ்வளவுதான். ஃபொக்கோஃப் உடைத்தது வெள்ளை ஆஃப்ரிகானர் வீட்டுக்குள் இருந்த பூட்டை. அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அந்த அளவோடு சொல்வதுதான் சரி. கூட்டமும் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை. அப்புறம் 2009, 2010இல் ஜாக் பாரோவும் 'டி ஆன்ட்வூர்ட்' குழுவும் புறநகர் ஆஃப்ரிகான்ஸை ராப்பில் போட்டு வெளிநாடு வரை போனபோது, அந்தத் தெரு மொழியை வெள்ளைக்காரர்கள் வேஷமாகக் கட்டிக்கொள்கிறார்களா என்ற கேள்வி பலமாகவே எழுந்தது. ஃபொக்கோஃப் அந்த வேஷம் கட்டவில்லை. தங்கள் வீதியைத் தாண்டவில்லை என்பதே அவர்களுடைய நேர்மையும் எல்லையும்.

மற்றபடி குழு செத்துப்போகவில்லை. அவ்வப்போது சேர்ந்து மேடை ஏறினார்கள், டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தது. 2017இல் 'செல்ஃப்மெடிகாசி', சுயமருத்துவம் என்ற பெயரில், பதினோரு வருஷம் கழித்து முழு ஆல்பம். கோபம் குறைந்து நாற்பதை நெருங்குகிறவர்களின் அலுப்பு அதில் கேட்கிறது. இதற்கு நடுவில் ஃபான் கோக் 2015இல் தனி ஆல்பம் போட்டார். அதில் கேரன் ஸோய்டோடு சேர்ந்து பாடிய 'டூ ஃபின்ட் எக் யோ', 'அப்போது உன்னைக் கண்டேன்', சரியான காதல் பாட்டு, ஆஃப்ரிகான்ஸ் கல்யாணங்களில் ஒலிக்கிற அளவுக்குப் போனது. 2019இல் டிவி பாட்டுப் போட்டியில் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய ரசிகர்களில் சிலருக்கு இது துரோகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2003இல் அவர் குரலைக் கேட்டுப் பயந்த பெற்றோரே இப்போது பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து அவரை டிவியில் பார்க்கிறார்கள் என்றால் யார் யாரிடம் போனார்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் 'ஹேமல் ஒப் டி ப்ளாட்டலாண்ட்' பாட்டில் ஆரம்பியுங்கள், அடுத்து 'ப்ரண்ட் சூட் ஆஃப்ரிகா'. பிடித்திருந்தால் 'ஸ்வானெசாங்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நேராக ப்ராஸ்ஸ ஃபன்னி காப் பக்கம் போய்விடுங்கள், அங்கே இதே மொழி வேறு மாதிரி சிரிக்கும்.